கிறிஸ்து எட்டிப் பார்க்காத ஊரில் எடுத்த கிறிஸ்து படங்கள்

கேள்வி இதுதான்: மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' படத்தில் வரும் எருசலேம் உண்மையான எருசலேம்தானா? இல்லையென்றால் அந்தக் கல் நகரம் எங்கே இருக்கிறது, அங்கே வேறு என்னென்ன படங்கள் எடுத்திருக்கிறார்கள், போவதற்கு முன் எவற்றைப் பார்க்கலாம்?

முதல் பாதிக்கு ஒரு வரி போதும். அது எருசலேம் இல்லை. தெற்கு இத்தாலியில் பசிலிக்காத்தா என்ற மாநிலத்தில் இருக்கும் மாத்தேரா நகரம். மற்ற கேள்விகளுக்கு அப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டுகளாக இந்த ஒரு பகுதியில் எடுத்த படங்களைத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன், ஒரு முறை நேரிலும் போய்வந்தேன். அதனால் கொஞ்சம் நீளும்.

இத்தாலியின் வரைபடத்தைக் காலணி என்பார்கள். அதில் குதிகாலுக்கும் முன்விரலுக்கும் நடுவே பாதம் வளையும் இடம்தான் பசிலிக்காத்தா. பரப்பு ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஐந்தரை லட்சத்துக்கும் குறைவு. வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. நடுவில் மழை அரித்து அரித்துக் கத்திமுனைகளாக்கிய வெளிறிய களிமண் குன்றுகள். அந்த ஊர்க்காரர்கள் இவற்றைக் 'கலாங்கி' என்கிறார்கள். மேற்கே மலையும் காடும். கிழக்கு ஓரத்தில், சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கு ஒன்றின் விளிம்பில், மாத்தேரா. பழைய பெயர் லுக்கானியா. இன்றும் அந்த மண்ணின் மக்கள் தங்களை லுக்கானியர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். வெனிஸ், ரோம், ஃபிளாரன்ஸ் என்று சுற்றும் பயணிகள் நெடுங்காலம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

படங்களுக்குள் நுழையுமுன் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் இருக்கும் முரண் புரியாது. கார்லோ லெவி என்பவர் வடக்கே துரின் நகரத்து ஓவியர், மருத்துவமும் படித்தவர். முசோலினியை எதிர்த்ததற்காக 1935இல் அரசு அவரைப் பசிலிக்காத்தாவுக்கு நாடுகடத்தியது. சொந்த நாட்டுக்குள்ளேயே நாடுகடத்தல்! கிராஸானோ என்ற ஊரில் கொஞ்ச காலம், பிறகு அலியானோ என்ற குக்கிராமத்தில். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' 1945இல் வெளிவந்தது. எபோலி அண்டை மாநிலத்து ஊர். அங்கிருந்துதான் சாலையும் ரயில்பாதையும் கடலை விட்டு விலகி லுக்கானியாவின் வெறுமைக்குள் திரும்புகின்றன. கிறிஸ்து அதுவரைதான் வந்தார், எங்கள் ஊருக்கு வரவே இல்லை என்பது குடியானவர்களின் சொல். அவர்கள் பேச்சில் 'கிறிஸ்தவன்' என்றால் 'மனிதன்' என்று பொருள். ஆகவே எங்களை யாரும் மனிதர்களாக எண்ணவில்லை என்பதே அதன் உட்பொருள். அதே புத்தகத்தில் லெவியின் சகோதரி, அவரும் மருத்துவர், மாத்தேரா வழியாக வந்தபோது கண்டதைச் சொல்கிறார்: குகைவீடுகள், கண்நோயும் மலேரியாவும் பிடித்த குழந்தைகள், பின்னாலேயே ஓடிவந்து அவர்கள் கேட்டது காசோ மிட்டாயோ இல்லை, கொய்னா மருந்து.

அந்தக் குகைவீடுகள்தான் நீங்கள் படத்தில் பார்த்த எருசலேம். அவற்றுக்கு 'சாஸ்ஸி' என்று பெயர். கற்கள் என்று பொருள். மென்மையான சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து வீடும், குடைந்தெடுத்த கல்லைக் கொண்டே முகப்பும் கட்டுவது இங்குள்ள முறை. ஒரு வீட்டின் கூரை மேல்வீட்டுக்குத் தெரு. தூரத்திலிருந்து பார்த்தால் மலையே வீடாக முளைத்ததுபோல் இருக்கும். உள்ளே கோவேறு கழுதையும் பன்றியும் கோழியும் மனிதர்களோடு ஒரே அறையில். லெவியின் புத்தகம் கிளப்பிய சூட்டில் இத்தாலிய அரசியல்வாதிகள் மாத்தேராவைத் தேசத்தின் அவமானம் என்றார்கள். 1952இல் சிறப்புச் சட்டம் வந்தது. சுமார் 15,000 பேரைப் படிப்படியாக வெளியேற்றிப் புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். வீடுகள் அரசுடைமையாயின. நகரத்தின் இதயம் காலியானது.

காலியான கல் நகரம், மின்கம்பியோ ஆன்டெனாவோ அதிகம் இல்லாத மலை வரிசை, எருசலேமைச் சூழ்ந்த யூதேயாவைப் போன்ற வறண்ட சுண்ணாம்பு மண், பக்கத்திலேயே வேலையற்ற மக்கள் கூட்டம். ஒரு தயாரிப்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? வறுமைதான் அந்தக் கற்களை மாறவிடாமல் காத்தது. அந்த வறுமையை ஒழிக்கப் போட்ட சட்டம்தான் அதைப் படப்பிடிப்புத் தளமாக்கியது. கிறிஸ்து வரவே இல்லை என்று புகார் சொன்ன மண்ணுக்கு, 1964இலிருந்து திரைப்படக் கிறிஸ்துகள் வரிசையாக வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவர் பசோலினியின் கிறிஸ்து. என் மதிப்பில் இன்றுவரை மற்ற எவரும் அவர் அருகில் வரவில்லை.

இத்தாலிய இயக்குநர் பியர் பாவ்லோ பசோலினி மார்க்சியர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1963இல் அவர் எடுத்த ஒரு குறும்படத்துக்காக, அரசு மதத்தை அவமதித்தார் என்று நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அசிசி நகரத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போனவர், திருத்தந்தை 23ஆம் யோவானின் வருகையால் ஊர் ஸ்தம்பித்துப்போக, அறையிலேயே அடைந்து கிடந்தார். பொழுதுபோக எடுத்துப் படித்தது அங்கே இருந்த நற்செய்தி நூல். அதில் மத்தேயு எழுதிய பகுதியை ஒரே மூச்சில் படித்து முடித்தவர் அதை அப்படியே படமாக்க முடிவு செய்தார். படத்தின் பெயரும் 'மத்தேயு எழுதிய நற்செய்தி'தான். படத்தில் யாரும் பேசும் வசனம் மத்தேயுவுக்கு வெளியிலிருந்து வரவில்லை. திரைக்கதையாசிரியன் என்ற முறையில் ஒரு சொல்கூடச் சேர்க்க மாட்டேன் என்ற பிடிவாதம் நாத்திகருக்கு எதற்கு என்று கேட்கலாம். நம்புகிறவர்கள்தான் நற்செய்தியில் இஷ்டத்துக்குக் கைவைக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

படமெடுக்க இடம் தேடி 1963இல் அவர் பாலஸ்தீனத்துக்கே போனார். பயணத்தைத் தனி ஆவணப்படமாகவும் பதிவு செய்தார். அதைத் தேடிப் பாருங்கள். ஏமாற்றத்தைப் பற்றிய அருமையான படம் அது. புனித பூமி நவீனமாகியிருந்தது, புதுக் கட்டடங்கள், புதுப் பண்ணைகள், புது முகங்கள். அவர் தேடிய பழமை அங்கே இல்லை. ஊருக்குத் திரும்பியவர் அதைத் தன் நாட்டின் தெற்கிலேயே கண்டுகொண்டார். மாத்தேரா எருசலேமானது. பாரிலே என்ற சிற்றூர் பெத்லகேமானது. பாரிலே பல நூற்றாண்டுகளுக்கு முன் அல்பேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். அங்கே குன்றைக் குடைந்து திராட்சை மது வைக்கும் நிலவறைகள் வரிசையாக இருக்கின்றன. தீவனத் தொட்டியில் பிறந்த குழந்தைக்குப் பொருத்தமான அக்கம்பக்கம்.

நடிகர்கள் என்று யாரும் இல்லை. இயேசுவாக வருபவர் என்ரிக்கே இராசோக்கி, 19 வயது ஸ்பானிய மாணவர். பிராங்கோவின் சர்வாதிகாரத்தை எதிர்க்கும் மாணவர் அமைப்புக்கு ஆதரவு திரட்ட இத்தாலிக்கு வந்தவர், பசோலினியைப் பார்க்கப் போனார், கிறிஸ்துவாகத் திரும்பினார். குரல் வேறொருவருடையது. நடித்த குற்றத்துக்காக ஸ்பெயின் அரசு பிற்பாடு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. சீடர்களில் ஒருவராகப் பிற்காலத்தில் பெரும் தத்துவவாதியாகப் பெயரெடுத்த ஜார்ஜோ அகம்பென் இருக்கிறார். மற்றவர்கள் லுக்கானியாவின் உழவர்கள், ஆட்டிடையர்கள், கொத்தனார்கள். வெயிலில் வெந்த கன்னங்கள், பல் விழுந்த வாய்கள், கேமராவை அச்சத்தோடும் அலட்சியத்தோடும் பார்க்கும் கண்கள். ஒளிப்பதிவாளர் தொனினோ தெல்லி கோல்லி அந்த முகங்களின் மேல் கேமராவை நிறுத்தி நகர மறுக்கிறார். மலைப்பொழிவைவிட அந்த முகங்களே எனக்கு அதிகம் உபதேசித்தன.

இறுதியில் சிலுவையடியில் கதறும் வயதான மரியாள் பசோலினியின் சொந்தத் தாய் சுசானா. அவருடைய இளைய மகன் குய்தோ 1945இல், இத்தாலியப் பாசிச எதிர்ப்புப் படைகளுக்குள்ளேயே நடந்த மோதலில் கொல்லப்பட்டவர். பத்தொன்பது ஆண்டு கழித்து மூத்த மகன் அவரைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தி, பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக அழச் சொல்கிறார். அந்த மூத்த மகனும் 1975 நவம்பரில் ரோமுக்கு அருகே ஓஸ்தியாவில் கொலையுண்டார். தாய் அதற்குப் பின்னும் உயிரோடு இருந்தார். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்ப்பது கடினம். நான் ஒவ்வொரு முறையும் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிடுகிறேன்.

இசையில் ஜெர்மன் இசைமேதை பாக் இருக்கிறார், அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ஒடெட்டாவின் குரல் இருக்கிறது, காங்கோவின் திருப்பலிப் பாடல் இருக்கிறது. எல்லாம் எப்படியோ ஒட்டிக்கொள்கின்றன. படத்தை அவர் காப்பாற்றியாக வேண்டிய ஒரு நெருக்கடியும் இருந்தது: முதல் நாட்களில் பக்தியோடும் நிதானத்தோடும் படமாக்கியவருக்கு, புனிதமான கதையைப் புனிதமாக எடுத்தால் வெறும் அலங்காரமாகிவிடும் என்று பிடிபட்டது. அதன்பின் தோளில் கேமரா, தூரத்து லென்ஸ், செய்திப்படம்போல் நடுங்கும் சட்டகம். விசாரணைக் காட்சியைக் கூட்டத்துக்குள் நின்று தலைகளுக்கு இடையில் எட்டிப் பார்ப்பதுபோல் எடுத்திருப்பார். 1964 வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 2014இல், வாடிகனின் செய்தித்தாள் கிறிஸ்துவைப் பற்றி எடுத்தவற்றில் இதுவே சிறந்த படம் என்று எழுதியது. மதத்தை அவமதித்தவர் என்று தண்டனை பெற்றவருக்கு!

இப்போது ஒரு சங்கடம். பசோலினியின் படம் எவ்வளவு மகத்தானது என்றாலும் அதில் மாத்தேரா, மாத்தேரா இல்லை, எருசலேம். அந்த உழவர்கள் உழவர்கள் இல்லை, யூதர்கள். இந்த மண் தன் பெயரிலேயே பேசும் படம் வேண்டுமென்றால் ஃபிரான்செஸ்கோ ரோஸியிடம் போக வேண்டும்.

ரோஸி நேப்பிள்ஸ் நகரத்துக்காரர். 1967இல் சோஃபியா லாரனையும் ஓமர் ஷரீஃபையும் வைத்து இதே பகுதியில் ஒரு தேவதைக் கதையை எடுத்தவர். அழகான படம், அவ்வளவுதான். 1979இல் லெவியின் புத்தகத்தை அதே பெயரில் படமாக்கினார். லெவி இருந்த அலியானோ அதற்குள் மாறிப்போயிருந்ததால், கிராக்கோ, குவார்தியா பெர்த்திகாரா போன்ற ஊர்களையும் சேர்த்து, 1935ஆம் ஆண்டின் ஒரே கிராமமாகத் தைத்தார். கிராக்கோ குன்றின் உச்சியில் ஒரு கோபுரத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். 1963இல் நிலச்சரிவு தொடங்கி மக்கள் கீழே சமவெளிக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆளில்லாத அந்த ஊரில் ரோஸி மீண்டும் ஆட்களை நடமாடவிட்டார்.

லெவியாக ஜான் மரியா வொலொன்தே. ஸெர்ஜோ லியோனியின் முதல் இரண்டு கௌபாய் படங்களில் வில்லனாக வந்தவர் என்றால் பலருக்கு முகம் நினைவுக்கு வரும். இங்கே அவர் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. கேட்கிறார். நடக்கிறார். நாய்க்குட்டியைத் தூக்கிக்கொள்கிறார். வீட்டு வேலைக்கு வரும் ஜூலியாவாக கிரேக்க நடிகை இரீனி பப்பாஸ். வசியமும் மந்திரமும் தெரிந்தவள் என்று ஊர் சொல்லும் பெண். நகரத்து மருத்துவனுக்கும் அவளுக்கும் நடுவே நடக்கும் பேச்சில், எது அறிவு எது மூடநம்பிக்கை என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு மெல்ல அழிகிறது. ஊர் மேயர் பாசிசக் கட்சிக்காரர், பள்ளி ஆசிரியரும் அவரே; கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டு லெவியின் நடையைப் பாராட்டுவார். குடித்துக்குடித்துச் சிதைந்த பாதிரியார் ஒருவர். அபிசீனியாவை, அதாவது இன்றைய எத்தியோப்பியாவை, வென்றுவிட்டதாக வானொலி முழங்கும்போது, அந்த முழக்கத்துக்கும் களிமண் குன்றில் மண்வெட்டியோடு ஏறும் மனிதனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை ரோஸி ஒரு வார்த்தை சொல்லாமல் காட்டிவிடுகிறார். இவர்களுக்கு ரோம் என்றால் வரி கேட்கும் இடம், ஆட்டுக்குக்கூட வரி. கனவில் வரும் தலைநகரம் நியூயார்க். வீட்டுச் சுவரில் வியஜ்ஜானோ ஊரின் கறுப்பு மாதா ஒரு பக்கம், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மறுபக்கம் என்று லெவி எழுதியிருக்கிறார்.

அந்தக் கனவு பொய்யுமில்லை. மாத்தேராவிலிருந்து கடலை நோக்கிப் போகும் வழியில் பெர்னால்தா என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஒருவரின் பேரன்தான் 'தி காட்ஃபாதர்' இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. தாத்தாவின் ஊரில் ஒரு பழைய மாளிகையை வாங்கி அவர் ஓட்டலாக்கியிருக்கிறார். மகள் சோஃபியாவின் திருமணமும் 2011இல் அங்கேதான் நடந்தது.

ரோஸியின் படத்தைப் பார்க்க நினைத்தால் தொலைக்காட்சிக்காக எடுத்த நீண்ட வடிவத்தைத் தேடுங்கள். மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். திரையரங்குக்காக வெட்டிய வடிவமும் மோசமில்லை. ஆங்கிலம் அல்லாத படங்களுக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது வழங்கத் தொடங்கியபோது முதல் விருதை வாங்கியது அதுதான். ஆனால் அந்த ஊரில் பொழுது எப்படி நகராமல் நிற்கிறது என்பதை உணர நீளம் தேவை.

இனி நீங்கள் கேட்ட கிப்சன். 2002ஆம் ஆண்டின் பிற்பகுதியில் படப்பிடிப்பு தொடங்கியது. கோயிலும் பிலாத்துவின் மாளிகையும் ரோமில் சினெசித்தா ஸ்டுடியோவில் போட்ட செட். சிலுவை சுமந்து ஏறும் சந்துகள் மாத்தேராவின் சாஸ்ஸி. சிலுவையில் அறையும் மேடு, நகரத்துக்கு எதிரே, கிராவினா ஓடைப் பள்ளத்தாக்கின் மறுகரையில் இருக்கும் முர்ஜா பீடபூமி. யூதாஸ் தூக்கில் தொங்கும் இடம் கிராக்கோ. சிலுவைக் காட்சிகள் குளிர்காலத்து மலைக்காற்றில் எடுக்கப்பட்டன. நாயகன் ஜிம் கவீசலை மின்னல் தாக்கியதும் நடந்தது. சுமார் 3 கோடி டாலர் செலவில் எடுத்த படம், அரமேயத்திலும் இலத்தீனிலும் பேசும் படம், 60 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. நம் ஊரிலும் எத்தனையோ வீடுகளில் பெரிய வெள்ளியன்று அதைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

எனக்கு அந்தப் படம் பிடிக்காது, அதை மறைக்கவில்லை. பசோலினி முகத்தைப் பார்த்த இடத்தில் கிப்சன் காயத்தைப் பார்க்கிறார். ஆனால் அந்த நகரத்துக்கு அவர் செய்தது சிறிய காரியம் இல்லை. 1986இல் சாஸ்ஸியைப் புதுப்பிக்கச் சட்டம் வந்தது, 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, என்றாலும் உலகப் பயணிகளின் நாவில் மாத்தேரா என்ற பெயர் புரளத் தொடங்கியது இந்தப் படத்துக்குப் பின்புதான்.

அதற்குப்பின் வந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 'தி நேட்டிவிட்டி ஸ்டோரி' 2006இல் மாத்தேராவை நாசரேத்தாக்கியது. வாடிகனில் முதல் காட்சி கண்ட முதல் கதைப்படம் என்ற பெருமை மட்டும் அதற்கு உண்டு. 2016இன் 'பென்-ஹர்' பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது. 2017இன் 'வொண்டர் வுமன்' அதே கற்களை அமேசான் பெண்களின் தீவுக்குக் கடன் வாங்கியது.

'நோ டைம் டு டை' மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கத் தக்கது. 2019இல் ஜேம்ஸ் பாண்ட் வந்தபோது, அபூர்வமாக, மாத்தேரா மாத்தேராவாகவே நடித்தது. மின்னும் ஓட்டல் அறை, விளக்கேற்றிய பள்ளத்தாக்கு, சந்துகளில் சீறும் ஆஸ்டன் மார்ட்டின். ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முன் அவமானம் என்று காலி செய்த குகையில் இன்று ஓர் இரவுக்குக் கொடுக்க வேண்டிய வாடகையை நினைத்துக்கொண்டே பார்த்தேன். பாண்ட் குதிக்கும் அந்தப் பாலம் மட்டும் மாத்தேராவில் இல்லை. எல்லை தாண்டி அண்டை மாநிலத்து கிராவினா நகரில் இருக்கிறது. ஊரார் இரவில் காகிதச் சீட்டுகளை எரிக்கும் சடங்கும் படத்துக்காகப் புனைந்தது. ஏன் புனைந்தார்கள் என்றுதான் விளங்கவில்லை, உண்மையான திருவிழா இதைவிட எவ்வளவோ மேல். ஜூலை 2ஆம் தேதி புரூனா மாதா விழா. மாதக்கணக்கில் உழைத்துச் செய்த காகிதக்கூழ்த் தேரை அன்று மாலை வீதியுலா கொண்டுவந்து, கூட்டம் பாய்ந்து சில நிமிடங்களில் பிய்த்தெறிந்துவிடும். கையில் கிடைத்த துண்டு அந்த ஆண்டுக்கு அதிர்ஷ்டம்.

ஊர்க்காரர்கள் விரும்பும் படம் எது என்று கேட்டால், ரோக்கோ பப்பலேயோ இயக்கிய 'பசிலிக்காத்தா கோஸ்ட் டு கோஸ்ட்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 2010இல் வந்தது. பப்பலேயோ இந்த மண்ணின் மைந்தர். நான்கு நண்பர்கள் ஓர் இசைக்குழு. மேற்குக் கடற்கரை மராத்தெயாவிலிருந்து கிழக்குக் கடற்கரை ஸ்கான்ஸானோவில் நடக்கும் பாட்டுத் திருவிழாவுக்குக் காரில் போனால் சில மணி நேரம். அவர்கள் பத்து நாள் நடந்தே போகிறார்கள். பசிலிக்காத்தா என்று ஓர் இடம் இருப்பது கடவுளைப் போல, நம்பினால் உண்டு, நம்பாவிட்டால் இல்லை என்று தொடங்கும் நகைச்சுவை. அசட்டுத்தனம் நிறைய இருக்கிறது, மன்னித்துவிடலாம். அறிமுக இயக்குநருக்கான இத்தாலியின் உயரிய விருதான தவீத் தி தொனத்தெல்லோவைப் பெற்றது.

இதன் நேர் எதிர்த் துருவம் கப்ரியேலே சல்வதோரெஸின் 'எனக்குப் பயமில்லை', 2003. மேல்ஃபி ஊரைச் சுற்றிய வடக்குக் கோதுமை வயல்கள். கதை நடப்பது 1978 கோடையில். பத்து வயதுச் சிறுவன் பாழடைந்த வீட்டருகே நிலத்தில் ஒரு குழியைக் கண்டுபிடிக்கிறான். உள்ளே சங்கிலியில் அவன் வயதுடைய இன்னொரு பையன். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். பொன்னிறமாக அலையடிக்கும் வயல் இவ்வளவு கிலியூட்டும் என்று நான் எண்ணியதே இல்லை.

கடைசியாக, இந்த வரிசை முழுவதையும் மூடித் திறக்கும் ஒரு படம். 2019இல் மாத்தேரா ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகரமாக இருந்தபோது, சுவிட்சர்லாந்து நாடக இயக்குநர் மிலோ ராவ் அங்கே ஒரு கிறிஸ்து படம் எடுக்க வந்தார். இன்னொன்றா என்று நானும் அலுத்துக்கொண்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு: இயேசு இன்று இங்கே வந்தால் யார் நடுவில் இருப்பார்? விடை ஊருக்கு வெளியே, வயல்களில் இருந்தது. தெற்கு இத்தாலியின் தக்காளியையும் ஆரஞ்சையும் பறிப்பவர்களில் ஏராளமானோர் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். தகரக் கொட்டகைகளில், பாழடைந்த கட்டடங்களில் தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் கிடப்பவர்கள். லெவி பார்த்த குகைகளின் இன்றைய வடிவம். 'புதிய நற்செய்தி' படத்தில் இயேசுவாக வருபவர் இவான் சாக்னே, கேமரூன் நாட்டவர். 2011இல் அண்டை மாநிலத்தில் தக்காளித் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவர். சீடர்கள் அந்தத் தொழிலாளர்களே. பாதி நற்செய்தி, பாதி ஆவணப்படம்: ஒரு காட்சியில் சிலுவை, அடுத்த காட்சியில் முகாமை அப்புறப்படுத்த வரும் காவல்துறை.

திருமுழுக்கு யோவானாக ஒரு முதியவர் வருகிறார். பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தால், அது என்ரிக்கே இராசோக்கி. பசோலினியின் 19 வயது இயேசு ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அதே மண்ணுக்குத் திரும்பி, அடுத்த இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறார். மரியாளாக வருபவர் கிப்சன் படத்தில் மரியாளாக நடித்த அதே மாயா மோர்கன்ஸ்டெர்ன். படம் 2020 செப்டம்பரில் வெனிஸில் திரையிடப்பட்டது. அதே மாதம் இராசோக்கி காலமானார். எருசலேமாக வேடமிட்டே பழகிய நகரம் இந்தப் படத்தில்தான் வேடத்தைக் கலைக்காமலே தன்னைப் பற்றியும் பேசுகிறது.

எந்த வரிசையில் பார்ப்பது? ரோஸி முதலில், பசோலினி அடுத்து, 'புதிய நற்செய்தி' மூன்றாவது. மற்றவை உங்கள் விருப்பம். கிப்சனை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், கவலையில்லை.

நேரில் போவதானால் பாரி நகர விமான நிலையத்தில் இறங்குவது வசதி. பாரி நகரிலிருந்து மாத்தேராவுக்கு ஒரு குறுகிய அகல ரயில்பாதை ஓடுகிறது. அவசரப்படாத வண்டி, ஜன்னலோரம் உட்காருங்கள். மாத்தேராவில் சாஸ்ஸிக்குள் அலைவதோடு நிற்காமல் ஓடையைக் கடந்து எதிரே முர்ஜா பீடபூமிக்குப் போய், சிலுவைகள் நின்ற இடத்திலிருந்து நகரத்தைப் பார்க்க வேண்டும், முடிந்தால் அந்தி விளக்குகள் ஏறும் நேரத்தில். ஒரு நாள் வாடகைக் கார் எடுத்தால் கிராக்கோவையும் அலியானோவையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். கிராக்கோவுக்குள் தனியாக விடமாட்டார்கள். கட்டணம் கட்டி, தலைக்கவசம் போட்டு, வழிகாட்டியோடு போக வேண்டும். அலியானோவில் லெவி தங்கிய வீடும், அவர் விருப்பப்படி அவரை அடக்கம் செய்த கல்லறையும் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்தே கலாங்கிக் குன்றுகள் தொடங்கிவிடும். வயல் பச்சையாக இருக்க வேண்டுமென்றால் ஏப்ரல், பொன்னாக வேண்டுமென்றால் ஜூன்.

காலணி மட்டும் நல்லதாக எடுத்துப் போங்கள். நூற்றாண்டுகளாகக் கால் பட்டு வழவழப்பான கல். தூறல் விழுந்தால் கண்ணாடி. நான் முதல் நாளே இரண்டு முறை விழுந்தேன். பாண்ட் படக் குழுவினர் சக்கரம் வழுக்காமலிருக்கத் தெருவெல்லாம் கொக்கோ கோலாவைப் பீய்ச்சினார்கள். காய்ந்ததும் பிசுபிசுத்துப் பிடிப்புக் கொடுக்குமாம். நமக்கு அந்த வசதி இல்லை, ரப்பர் அடியோடு போவதே உத்தமம்.